எழுபத்து மூன்று மில்லிமீட்டர்

திங்கள் விடியலில் காபி இயந்திரத்தின் இடப்பக்கம்
ஒழுகத் தொடங்கியது.
உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது.
கறுப்பு. எழுபத்து மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு.
விலை நாலு யூரோ இருபது.

பியாசென்சாவில் உதிரிபாகக் கடைக்காரர் கையை விரித்தார்.
அவரே இப்போது ஃபோனில்தான் வாங்குகிறாராம்.
நானும் ஃபோனில் அழுத்தினேன்.

எங்கே இருக்கிறதென்று வில்மெர்தான் சொன்னான்,
இரவுப் பணி முடிந்து மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றாமல்:
"மூன்றாம் கிடங்கில், ஓர்னெல்லா.
நேற்று அந்த அடுக்கை எண்ணியதே நான்தான்."

மூன்றாம் கிடங்கு
என் கடைவாசலில் நின்றால் தெரியும்,
மூடுபனி விட்ட நாளில்.
நடந்தால் பதினெட்டு நிமிடம்.
வாய்க்கால் ஓரமாய்ப் போனால் பதினைந்து.

"சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாயேன்" என்றேன்.
சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.
வெளியே வரும் வாசலில்
சில நாள் ஷூவையும் கழற்றச் சொல்வார்களாம்.

செவ்வாய் இரவு வளையம் புறப்பட்டது.
என் கடையைத் தாண்டித்தான் நெடுஞ்சாலை ஏறியிருக்கும்.
வெரோனா, என்றது ஃபோன்.
பிறகு மிலான். மிலானில் ஒரு பகல் தூங்கியது.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடலாம், சரி,
இவ்வளவு பெரிய தலை யாருடையது?

முன்பு ஆறரைக்குத் திறப்பேன்.
இப்போது நாலரைக்கு.
ஆறு, இரண்டு, பத்து: மூன்று முறை
வாசல்மணி ஓயாமல் அடிக்கும்.
கண்ணாடிப் பெட்டியில் பாதி
வில்மெரின் மனைவி பொரித்த எம்பனாடா.
மூடவிருந்த பள்ளியில் முதல் வகுப்பு இரண்டாய்ப் பிரிந்தது.
மாடி அறை வாடகையும் இரண்டாய்ப் பெருகியது.
ஜிவ்கோ தன் லாரியில் ஒன்பது மணிநேரம் காத்திருந்து
ஒற்றைக் காபி குடித்துவிட்டு
கழிப்பறைச் சாவி கேட்கிறான், கூச்சத்தோடு.
கொடுக்கிறேன். அவனுக்குக் கிடங்கின் கதவு திறக்காது.

டிசம்பரில் நிற்க இடமிருக்காது.
ஜனவரி ஏழாம் தேதி
பாதி முகங்களைக் காணோம்.
ஒப்பந்தம் மாதக் கணக்கு, சிலருக்கு வாரக் கணக்கு.
ஸலீஃபு, நாலு காபி பாக்கி, என்று
கல்லாவுக்குப் பின்னால் எழுதியிருக்கிறது.
மூன்றாவது ஜனவரி. நான் அழிக்கவில்லை.

சொல்லிவிடுகிறேன்.
மூன்றாம் கிடங்கு நிற்பது எங்கள் தக்காளி வயலில்.
யாரும் மிரட்டவில்லை.
நோட்டரி அறையில் ஏசி அதிகம்,
என் கையெழுத்து கோணலானதற்கு அதுதான் காரணம்.
தம்பி தாரியோ கொட்டை எழுத்தில் அழகாகப் போட்டான்.
முப்பது அறுவடை தராததை
ஒரு மதியம் தந்தது.
கூரை மாற்றினேன். மகளின் கடன் அடைத்தேன்.
மிச்சத்தில் வாங்கியது
இந்தச் சிவப்பு இயந்திரம்தான்,
இடப்பக்கம் ஒழுகுகிறதே, இதேதான்.

வெள்ளிக்கிழமை வந்தது.
செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி,
உள்ளே கசக்கிய காகிதம், காகிதம், காகிதம்,
அடியில் வளையம்.
கொண்டுவந்த பையன் நிற்கவில்லை.
மேசைமேல் வைத்து, என் கையும் சேர்த்துப் படமெடுத்து,
"ஒரு தண்ணீர்?" என்று நான் முடிப்பதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது.

சீட்டில் ஓர் எண்: 41-ஜி-07.
வில்மெர் சர்க்கரைப் பொட்டலங்களை
மேசையில் வரிசை வரிசையாய் அடுக்கினான்.
இது வாசல், இது பட்டை ஓடும் பாதை,
வடக்குச் சுவர், ஏழாவது தூண்.
ஒரு பொட்டலத்தை விரலால் தொட்டு,
"இந்த இடத்தில் முன்னே என்ன இருந்தது?" என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
"பம்புசெட்."
"நல்லா ஓடுமா?"
"எங்கே? எப்போதும் ஒழுகும்.
வளையம் தேய்ந்தால் தாரியோ
பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டுவான்.
கால் மணி நேரம்."

வில்மெர் பொட்டலங்களைக் கலைத்தான்.
இரண்டைக் கிழித்துத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டான்.